இடியின் பெயர் பூண்ட கப்பல்

போர்க் கப்பல்களின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் மூன்று செய்திகளையே முதன்மையாகக் குறிப்பர். அக்கப்பல் எத்தனை டன் எடையுடையது, எத்தனைப் பீரங்கிகளைத் தாங்கியது, எத்தனை எதிரிக் கலங்களைக் கடலடிக்கு அனுப்பியது என்பனவே அவை. எத்தனை உயிர்களைக் கடலிலிருந்து மேலே தூக்கியது என்னும் நான்காவது கேள்வியை எவரும் கேட்பதில்லை. அழிப்பதற்கென்றே கட்டப்பட்ட கலத்திடம் அக்கேள்வியைக் கேட்பது பொருத்தமற்றது என்று எண்ணுகின்றனர் போலும். ஆயினும் ஜப்பானியக் கடற்படையின் ஒரு நாசகாரிக் கப்பலைப் பொறுத்தவரை அந்த நான்காவது கேள்விக்கே வரலாறு விடை வைத்திருக்கிறது. அதன் கதையை இவ்விதழின் வாசக அன்பர்கள் முன் வைக்க விழைகின்றோம்.

அக்கப்பலின் பெயர் இகாஸுச்சி. ஜப்பானிய மொழியில் அதற்கு 'இடி' என்பது பொருள். அதன் உடன்பிறந்த கப்பல்கள் மூன்று. அகாட்சுகி என்றால் விடியல். ஹிபிகி என்றால் எதிரொலி. இனாஸுமா என்றால் மின்னல். இடியையும் மின்னலையும் இணைத்துச் சொல்லும் மரபு நமக்குப் புதியதன்று. நமது திருமறையின் 13ஆம் அத்தியாயம் 'அர்ரஃது', அதாவது இடி என்னும் பெயரையே தாங்கி நிற்கிறது. மின்னல் அச்சத்தையும் ஆசையையும் ஒருங்கே தருவதையும், இடி தன்னைப் படைத்தவனைத் துதிப்பதையும் அவ்வத்தியாயம் எடுத்துரைக்கிறது. அழிவின் அடையாளமென மனிதன் கருதும் ஒன்றினுள்ளும் அருளின் துளி பொதிந்திருக்கக் கூடும் என்பதற்கு இந்த இரும்பு இடியும் ஒரு சான்றாயிற்று.

முதல் உலகப் போர் முடிந்தபின் வல்லரசுகள் கடற்படைப் போட்டியைக் கட்டுப்படுத்த முயன்றன. 1922ஆம் ஆண்டு வாஷிங்டனில் கையெழுத்தான உடன்படிக்கையின்படி பெரும் போர்க் கப்பல்களில் அமெரிக்காவுக்கும் பிரிட்டனுக்கும் ஐந்து பங்கு வீதமும், ஜப்பானுக்கு மூன்று பங்கும் என விகிதம் வகுக்கப்பட்டது. எண்ணிக்கையில் குறைவைத் தரத்தால் ஈடுசெய்வோம் என்று ஜப்பானியர் உறுதி பூண்டனர். அவ்வுறுதியின் விளைவே 'சிறப்பு வகை' என்று அவர்கள் பெயரிட்ட நாசகாரிக் கப்பல்கள். அவற்றுள் முதலாவதான ஃபுபுகி 1928இல் பணிக்கு வந்தபோது உலகின் கடற்படைகள் யாவும் அதனை வியப்புடன் நோக்கின. ஏறக்குறைய 118 மீட்டர் நீளம். 50,000 குதிரைச் சக்தி கொண்ட எந்திரம். மணிக்கு 38 நாட் வேகம். மூடிய கூடுகளுக்குள் அமைந்த 127 மில்லிமீட்டர் பீரங்கிகள் ஆறு. 610 மில்லிமீட்டர் டார்பிடோக் குழாய்கள் ஒன்பது. அக்காலத்தின் நாசகாரிகளில் இதற்கு இணை வேறெங்கும் இல்லை. இவ்வரிசையில் மொத்தம் 24 கப்பல்கள் கட்டப்பட்டன. கடைசி நான்கே நாம் மேலே பெயர் சொன்னவை.

இகாஸுச்சியின் அடித்தளம் உராகாக் கப்பல் தளத்தில் 1930ஆம் ஆண்டு மார்ச் 7ஆம் நாள் இடப்பட்டது. அதற்கு ஆறு வாரங்களுக்குப் பின் லண்டனில் இன்னோர் உடன்படிக்கை ஒப்பமாயிற்று; நாசகாரிகளின் எடைக்கும் அது வரம்பு விதித்தது. வரம்புகள் எழுதப்பட்டுக்கொண்டிருந்த அதே வேளையில் சுத்தியல்கள் ஓங்கிக்கொண்டிருந்தன என்பது அந்த இடைக்காலத்தின் இயல்பை நன்கு உணர்த்தும். 1931 அக்டோபர் 22இல் நீரில் இறக்கப்பட்ட இக்கப்பல், 1932 ஆகஸ்ட் 15இல் கடற்படையிடம் ஒப்படைக்கப்பட்டது.

பெருமிதத்தோடு கட்டிய கலங்களின் குறையைக் கடலே எடுத்துக் காட்டிற்று. சிறிய உடலில் அளவுக்கு மிஞ்சிய ஆயுதங்களை ஏற்றியமையால் அவை மேற்பாரம் மிகுந்து, கட்டுமானத்தில் வலிமை குன்றியிருந்தன. 1935 செப்டம்பர் 26ஆம் நாள் ஜப்பானின் நான்காம் கப்பல் தொகுதி கடும் சூறாவளியில் அகப்பட்டது. இகாஸுச்சியின் வகையைச் சேர்ந்த இரு நாசகாரிகளின் முகப்புகள் முறிந்து கடலோடு போயின. அதன்பின் அவ்வகைக் கப்பல்கள் யாவும் தளத்துக்குக் கொண்டுவரப்பட்டு வலுப்படுத்தப்பட்டன. எடை 2,000 டன்னைத் தாண்டியது. வேகம் 34 நாட்டாகக் குறைந்தது. 1937இல் சீனாவின் மீது ஜப்பான் போர் தொடுத்தபோது, ஷாங்காய்க் கரையிலும் ஹாங்சோ வளைகுடாவிலும் படைகள் இறங்குவதற்கு இகாஸுச்சி காவல் நின்றது. அந்தப் படைகள் சீன மக்களுக்கு இழைத்த கொடுமைகளை உலகம் அறியும். இதனை மறைத்துவிட்டு இக்கப்பலின் புகழை மட்டும் பாடுவது வரலாற்றுக்குச் செய்யும் துரோகமாகும்.

1940இல் இகாஸுச்சியின் தலைவராகப் பொறுப்பேற்றவர் குடோ ஷுன்சாகு. 1901இல் யமகாட்டா மாநிலத்தில் பிறந்து, கடற்படைக் கல்லூரியில் 1923இல் தேறியவர். நெடிய உடலும் மென்மையான சுபாவமும் கொண்டவர் என்றும், மாலுமிகளை அடித்துத் திருத்தும் வழக்கத்தைத் தம் கப்பலில் விலக்கியவர் என்றும் அவரது வரலாற்றை எழுதியோர் கூறுவர். அடியும் வசவுமே ஒழுங்கின் அடையாளமெனக் கருதப்பட்ட ஒரு படையில் இது அரிய பண்பு.

1941 டிசம்பரில் பசிபிக் போர் மூண்டது. இகாஸுச்சி முதலில் ஹாங்காங் முற்றுகையில் ஈடுபட்டது. பின்னர் டச்சுக்காரர் ஆண்ட கிழக்கிந்தியத் தீவுகளை நோக்கி, அதாவது இன்றைய இந்தோனேசியாவை நோக்கிச் சென்றது. 1942 பிப்ரவரி 27ஆம் நாள் ஜாவாக் கடலில் நடந்த பெரும் சமரில் டச்சுத் தளபதி கார்ல் டோர்மனின் கூட்டுக் கப்பற்படை சிதறடிக்கப்பட்டது. அதில் காயமுற்றுத் தப்பிய எக்ஸெட்டர் என்னும் பிரிட்டிஷ் குரூசர், என்கவுண்டர் என்னும் பிரிட்டிஷ் நாசகாரியும் போப் என்னும் அமெரிக்க நாசகாரியும் துணைவர, மறுநாள் இரவில் சுரபாயாவிலிருந்து புறப்பட்டது. சுந்தா நீரிணையைக் கடந்து கொழும்பு சேர்வது அதன் நோக்கம். மார்ச் 1ஆம் நாள் ஜப்பானியக் குரூசர்கள் நான்கும், இகாஸுச்சி உள்ளிட்ட நாசகாரிகளும் அவற்றைச் சூழ்ந்தன. மூன்று கப்பல்களும் அன்றே மூழ்கின. எக்ஸெட்டரின் மாலுமிகள் பலரை மின்னலாகிய இனாஸுமா அன்றே கடலிலிருந்து ஏற்றிக்கொண்டது. எஞ்சியோர் எண்ணெய் படர்ந்த கடலில் மிதந்தபடி இரவைக் கழித்தனர்.

மறுநாள் மார்ச் 2. இகாஸுச்சி அவ்வழியே வந்தது. நீரில் தலைகள் தென்பட்டன. ஒன்றல்ல, பத்தல்ல, நூற்றுக்கணக்கில்.

அந்நேரத்தில் குடோவின் முன்னிருந்த நிலையைச் சற்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். அக்கடலில் எதிரியின் நீர்மூழ்கிகள் உலவின; பேர்ச் என்னும் அமெரிக்க நீர்மூழ்கி அந்நாள்களில் அங்கேயே இருந்தது. நகராமல் நிற்கும் கப்பல் நீர்மூழ்கிக்கு எளிய இரை. அவருடைய கப்பலில் இருந்தோர் ஏறக்குறைய 220 பேர். கடலில் மிதந்தோரோ அதற்கு இருமடங்கு. அவர்களை ஏற்றிக்கொண்டால் கப்பலில் எதிரிகளே பெரும்பான்மையினர் ஆவர். 'கண்டும் காணாதது போல் சென்றிருக்கலாமே' என்று அவரை எந்தக் கடற்படையும் குற்றம் சாட்டியிராது.

அவர் கப்பலை நிறுத்தினார்.

ஏணிகளும் கயிறுகளும் இறக்கப்பட்டன. பல மணி நேரம் நீரில் கிடந்து வலுவிழந்தவர்கள் கயிற்றைப் பற்றவும் இயலாது தவித்தபோது, ஜப்பானிய மாலுமிகள் கைகொடுத்து மேலே இழுத்தனர். ஏறியவர்களின் கண்களிலும் உடலிலும் ஒட்டியிருந்த எண்ணெயைத் துணிகொண்டு துடைத்தனர். உடுக்கச் சட்டையும் அரைக்காற்சட்டையும், காலுக்குச் செருப்பும், பருகச் சூடான பாலும், உண்ண இறைச்சியும் பிஸ்கட்டும் வழங்கினர். கொஞ்சத் தொலைவு சென்றபின் மேலும் சிலர் மிதப்பது தெரிந்தால் மீண்டும் நின்று ஏற்றினர். அவ்வாறு மீட்கப்பட்டவர் 442 பேர் என்பது கணக்கு.

மீட்கப்பட்டவர்களுள் ஒருவர் என்கவுண்டர் கப்பலின் இளம் அதிகாரி சாம் ஃபால். அப்போது அவருக்கு வயது 23. ஜப்பானியக் கப்பல் நெருங்கி வந்தபோது இயந்திரத் துப்பாக்கியால் சுட்டுத் தீர்க்கப் போகிறார்கள் என்றே தாம் நினைத்ததாக அவர் பின்னாளில் எழுதினார். நடந்ததோ வேறு. தளத்தில் அமர்த்தப்பட்ட அதிகாரிகள் முன் குடோ வந்து நின்றார். கைகூப்பி நின்ற கைதிகளுக்கு வெற்றி வீரன் காட்டும் அலட்சியம் அவரிடம் இல்லை. அவர் அவர்களுக்குச் சல்யூட் செய்தார். ஆங்கிலத்தில் அவர்களுடைய வீரத்தைப் பாராட்டி, இன்று நீங்கள் எங்கள் விருந்தினர் என்னும் கருத்துப்பட உரைத்தார். அடுத்த நாள் அவர்கள் ஜப்பானியர் கைப்பற்றியிருந்த ஓப் டென் நோர்ட் என்னும் டச்சு மருத்துவக் கப்பலுக்கு மாற்றப்பட்டனர்.

அதன்பின் அவர்களுக்குக் கிடைத்தது விருந்தன்று. செலிபஸ் தீவின் மக்காசர் கைதி முகாமில் பசியும் நோயும் அடியுமாய் மூன்றரை ஆண்டுகள் கழிந்தன. பலர் அங்கேயே மாண்டனர். ஒரே கொடியின் கீழ் ஒரு கப்பலில் விருந்தும், ஒரு முகாமில் கொடுமையும் நிகழ்ந்தன.

இகாஸுச்சியின் எஞ்சிய வாழ்வு நீண்டதன்று. 1942 ஜூனில் அது வடக்கே அலூஷியன் தீவுகளுக்குச் சென்றது. அவ்வாண்டு ஆகஸ்டில் குடோ ஹிபிகி கப்பலின் தலைமைக்கு மாற்றப்பட்டார். புதிய தலைமையின் கீழ் இகாஸுச்சி குவாடல்கனால் போரில் இறங்கியது. அக்டோபர் 25இல் பட்டப்பகலில் அத்தீவின் கரையோரம் பாய்ந்து, செமினோல் என்னும் இழுவைக் கப்பலையும் ஒரு ரோந்துப் படகையும் அழிப்பதில் பங்கு கொண்டது. நவம்பர் 12ஆம் நாள் நள்ளிரவைத் தாண்டி நடந்த கைகலப்புப் போன்ற சமரில் உடன்பிறந்த அகாட்சுகி மூழ்கியது. இகாஸுச்சியின் முன்பீரங்கி சிதைந்தது. பழுது பார்க்கப்பட்டபின் 1943 மார்ச் இறுதியில் வடகடலில் கொமாண்டர்ஸ்கித் தீவுகள் அருகே நடந்த பீரங்கிச் சமரிலும் அது நின்றது. பின்னர் ட்ரூக் தளத்துக்குச் சரக்குக் கப்பல்களை அழைத்துச் செல்லும் காவற்பணி வாய்த்தது.

1944 ஏப்ரல் 13. குவாம் தீவுக்குத் தெற்கே, வோலியாய் அருகே, சரக்குக் கப்பல் ஒன்றுக்குக் காவலாகச் சென்ற இகாஸுச்சி, ஹார்டர் என்னும் அமெரிக்க நீர்மூழ்கியைக் கண்டு பாய்ந்தது. ஹார்டர் எய்த டார்பிடோக்கள் அதனைப் பிளந்தன. கப்பலில் இருந்தோர் ஒருவரும் பிழைக்கவில்லை. கயிறு வீசி 442 பேரை மேலே இழுத்த கப்பல் மூழ்கியபோது, அதன் மாலுமிகளுக்குக் கயிறு வீச எவருமில்லை. நான்கு மாதங்களில் ஹார்டரும் லூஸான் கரையருகே தன் மாலுமிகள் அனைவருடனும் மூழ்கிப் போயிற்று. மின்னலாகிய இனாஸுமா 1944 மே மாதத்தில் மடிந்தது. எதிரொலியாகிய ஹிபிகி மட்டுமே எஞ்சி, போருக்குப்பின் சோவியத் நாட்டிடம் ஒப்படைக்கப்பட்டது. போர் என்னும் வணிகத்தில் இலாபம் யாருக்கு என்று கடலைக் கேட்டால் அது மௌனமே சாதிக்கும்.

இங்கே ஒரு வினா எழும். தமிழர்களாகிய நாம் ஜப்பானியப் படை ஒன்றைப் பாராட்டலாமா? 1942, 1943ஆம் ஆண்டுகளில் சயாம், பர்மா இரயில் பாதை அமைப்பில் மலேயாத் தோட்டங்களிலிருந்து கொண்டு செல்லப்பட்ட நம் தமிழ்த் தொழிலாளர் பல்லாயிரவர் காட்டில் மடிந்தனர். அந்த மரணத்தைக் கட்டளையிட்டதும் இதே அரசுதான். கடற்படையும் தூயதன்று. அகிகாஸே என்னும் மற்றொரு நாசகாரியின் கதை அதற்குச் சாட்சி. 1943 மார்ச் 18ஆம் நாள், கவியெங்கிலிருந்து ரபாவுலுக்குச் செல்லும் வழியில், தன்னை நம்பி ஏறிய ஏறக்குறைய 60 பேரை அக்கப்பல் கொன்றது. அவர்கள் கிறித்தவப் பாதிரிமாரும் கன்னியரும் குழந்தைகளுமான ஆயுதமற்ற மக்கள். கப்பலின் பின்புறம் ஒவ்வொருவராக அழைத்துச் சென்று கொன்று கடலில் எறிந்தனர். ரபாவுலிலிருந்து கட்டளை வந்தது, கப்பல் கீழ்ப்படிந்தது. அதே அகிகாஸே 1944 நவம்பர் 3இல் ஜுன்யோ என்னும் விமானந் தாங்கிக் கப்பலுக்கு வந்த டார்பிடோவைத் தான் ஏற்று, அனைவருடனும் மூழ்கியது.

ஆழ்ந்து நோக்கின் ஓர் உண்மை புலப்படும். வீரம் இரு கப்பல்களுக்கும் பொதுவாயிருந்தது, தியாகமும் பொதுவாயிருந்தது. கொடியும் பயிற்சியும் ஒன்றே. வேறுபட்டது ஒன்றே ஒன்று: ஆயுதமற்று எதிரே நிற்பவனை மனிதனாகக் காணும் கண். ஆகவே வீரத்தை மட்டும் அளவுகோலாகக் கொண்டு மனிதனை எடைபோடுவது பிழையாகும். 'கட்டளை அப்படி' என்று கூறித் தப்பிக்கும் வாயிலையும் இகாஸுச்சியின் கதை அடைத்துவிடுகிறது. கயிற்றை வீசும்படி குடோவுக்கு எவரும் கட்டளையிடவில்லை.

நம் மார்க்கத்தின் அளவுகோல் இவ்விடத்தில் தெளிவானது. திருமறையின் 76ஆம் அத்தியாயம் நல்லடியார்களை வருணிக்கும்போது, ஏழைக்கும் அநாதைக்கும் சிறைப்பட்டவனுக்கும் உணவளிப்போர் என்று மூவரையும் ஒரே வரிசையில் நிறுத்துகிறது. சிறைப்பட்டவன் என்பதற்கு அங்குள்ள சொல் 'அஸீர்'. அன்றைய சிறைக்கைதிகள் இணைவைப்போராகவே இருந்தனர் என்று இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் விளக்கம் கூறியதை விரிவுரையாளர் இப்னு கஸீர் எடுத்துக்காட்டுகிறார். அதாவது நம்மவன் பசித்தால் ஊட்டு என்பதன்று அந்தப் போதனை. நம்மைக் கொல்ல வந்தவன் கையறு நிலையில் வீழ்ந்தால் அவனுக்கும் ஊட்டு என்பதே. பத்ருப் போரில் பிடிபட்ட எழுபது குறைஷியருக்கு நபித்தோழர்கள் ரொட்டியைக் கொடுத்துவிட்டுத் தாம் பேரீச்சம்பழத்தோடு அமைந்தனர் என்பது ஸீரா நூல்கள் கூறும் செய்தி. ஹித்தீன் போர்க்களத்தில் 1187ஆம் ஆண்டு, தோற்றுத் தாகத்தால் வாடிய ஜெருசலம் மன்னனுக்குக் குளிர்ந்த நீரைத் தம் கையால் நீட்டினார் சுல்தான் ஸலாஹுத்தீன். சிலுவைப் போர் வரலாற்றில் ஐரோப்பியர் இன்றுவரை மறவாத காட்சி அது.

அதே 76ஆம் அத்தியாயம் இன்னொரு பண்பையும் கூறுகிறது. அவ்வாறு உணவளிப்போர் கைம்மாறையோ நன்றியுரையையோ நாடமாட்டார்கள் என்பதே அது. குடோவின் பிற்கால வாழ்வு நம்மை வியக்க வைப்பது இங்கேதான். போருக்குப்பின் எளிய மனிதராக வாழ்ந்து 1979ஆம் ஆண்டு ஜனவரியில் மறைந்தார். முப்பத்தேழு ஆண்டுகளில் தம் குடும்பத்தாரிடம்கூட அந்த மார்ச் 2ஆம் நாளைப் பற்றி அவர் பேசவில்லை. அவரது ஈமானைப் பற்றித் தீர்ப்பளிப்பது நம் வேலையன்று. அது இறைவனுக்கும் அவருக்கும் இடைப்பட்டது. அவரது செயலைப் பற்றிச் சாட்சி கூறுவது மட்டும் நம் கடமை. ஒரு சமூகத்தின் மீதுள்ள பகை உங்களை நீதியினின்று பிறழச் செய்ய வேண்டாம் என்பது நமக்கு இடப்பட்ட கட்டளையாகும். பகைவனின் தீமையை மறைக்காதிருப்பது நீதியின் ஒரு பாதி. அவனிடத்தே கண்ட நன்மையை மறுக்காதிருப்பது மறு பாதி.

பேசாதிருந்தவரின் செயலை மீட்கப்பட்டவர் பேசினார். சாம் ஃபால் போருக்குப்பின் பிரிட்டனின் அயலுறவுத் துறையில் சேர்ந்தார், பாக்தாதில் பணியாற்றினார், குவைத்திலும் ஸ்வீடனிலும் தூதராயிருந்தார், சிங்கப்பூரில் ஹைகமிஷனராயிருந்தார். 1987இல் அமெரிக்கக் கடற்படை ஏடொன்றில் குடோவின் பெருந்தகைமையைக் கட்டுரையாக எழுதினார். 1996இல் வெளியான தம் நினைவு நூலிலும் அதனைப் பதிவு செய்தார். தம்மை மீட்டவரைத் தேடினார். அவர் மறைந்துவிட்டதை அறிந்தார். 2008 டிசம்பரில், ஏறக்குறைய தொண்ணூறு வயதில், சக்கர நாற்காலியில் ஜப்பான் சென்று, கவாகுச்சியில் உள்ள குடோவின் கல்லறை முன் நின்று நன்றி செலுத்தினார். 2014இல் அவரும் மறைந்தார்.

இகாஸுச்சி மூழ்கடித்த கலங்களின் பட்டியல் இன்று கடற்படை ஆய்வாளர் சிலருக்கே தெரியும். அக்கலம் காப்பதற்காகப் போரிட்ட பேரரசு 1945இல் வீழ்ந்தது. அது கைப்பற்ற உதவிய கிழக்கிந்தியத் தீவுகள் தம் மக்களுக்கே சொந்தமாயின. கட்டிய நாடு எண்ணியவற்றுள் ஒன்றும் எஞ்சவில்லை. நிலைத்து நின்றது, எவரும் கட்டளையிடாத சில மணி நேரப் பணி மட்டுமே. நம் கையிலும் ஒரு கயிறு இருக்கும் நாள் வரலாம். நீரில் தத்தளிப்பவன் யார், எவ்வினத்தான், நேற்று நம்மை என்ன செய்தான் என்று கேளாமல் அதனை வீசும் நெஞ்சை வல்ல இறைவன் நம் அனைவர்க்கும் தந்தருள்வானாக!